இருபத்து நாலு, இருபத்தேழான வெள்ளிக்கிழமை

எங்கள் கரையோர ஊர்களில் ஒருவரைக் கள்ளராக்க மூன்று பேர் போதும். ஒருவர் சொல்ல வேண்டும், ஒருவர் தலையாட்ட வேண்டும், மூன்றாமவர் அதை வாட்ஸ்அப்பில் போட வேண்டும். நதீராவின் விஷயத்தில் இந்த மூன்று கடமைகளும் வியாழன் மாலைக்குள் குறைவின்றி நிறைவேறியிருந்தன. ஆகவே வெள்ளிக்கிழமை காலை ஆதிலா டீச்சரும் நானும் சாய்ந்தமருதில் அவள் வீட்டு வாசலில் இறங்கியபோது, துப்பறிவதற்கென்று எங்களுக்கு யாரும் எதையும் மிச்சம் வைத்திருக்கவில்லை.

டீச்சர் இருபது வருடம் கல்முனையில் கணிதம் படிப்பித்தவர். யார் யாரைப் பார்த்து எழுதினார்கள் என்பதைப் பிழையான விடையிலிருந்தே பிடித்துப் பழகியவர் என்பதால், ஓய்வு பெற்றதும் அதையே தொழிலாக்கிக்கொண்டார். நான் கோகிலன். அவரிடம் படித்துக் கணிதத்தில் தேறாதவன். இப்போது அவருடைய உதவியாளன், ஆட்டோ சாரதி, சந்தேக நபர்களிடம் திட்டு வாங்குகிறவன். மூன்று வேலைக்கும் சம்பளம் ஒன்றுதான்.

நதீரா இத்தாவில் இருந்தாள். கணவனை இழந்த பெண் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டைவிட்டு இறங்காமல், அந்நிய ஆண்களின் கண்ணில் படாமல் இருக்கும் காலம் அது. அவள் கணவன் அஹ்ஸன் மாசி மாதம் மாரடைப்பில் போய்விட்டான். டீச்சர் அறைக்குள் போனார். நான் கதவுத் திரைக்கு இந்தப் பக்கம், அஹ்ஸனின் மூத்த சகோதரர் நிப்றாஸோடு உட்கார வேண்டியதாயிற்று. இரும்புக்கடை முதலாளி. ஜும்மா எனும் வெள்ளி மதியத் தொழுகைக்கு இன்னும் அரை நாள் இருக்கும்போதே வெள்ளை ஜுப்பாவும் அத்தருமாகத் தயாராக இருந்தார்.

"நான் வாசப்படியும் தாண்டல்ல டீச்சர்," உள்ளேயிருந்து நதீராவின் குரல் கேட்டது. "வயலுக்கு ஒரு நாளும் போனதும் இல்ல. எல்லைக் கட்டைய மாத்திக் களவெடுத்தவ எண்டு பள்ளிவாசல்ல பேர் விழுந்தா, என்ட ரெண்டு பொம்புளப் புள்ளைகள்ட கதி என்ன?"

"வாசப்படி ஏன் தாண்டணும்? ஃபோன் இரிக்கி, ஆள் இரிக்கி," என்றார் நிப்றாஸ் திரையைப் பார்த்து. பிறகு என் பக்கம் திரும்பினார். "மாவடிப்பள்ளியில தம்பிட வயலப் பங்கு பிரிச்சுக் கட்டை நட்டது நான். போன வெள்ளி காலையில பார்த்தன், எல்லாம் போட்ட இடத்தில. ஜும்மா முடிஞ்சு போறன், எல்லாம் இடம் மாறி. ரோட்டுக்கரையில இருந்த என்ட துண்டக் காணல்ல! ஜும்மா நேரம் ஊர் ஆம்புளைகள் எல்லாம் பள்ளியில. அப்ப மிச்சம் ஆரு? பொம்புளைகள்."

"நானும் ஜும்மாவுக்கு வாறதில்ல," என்று நினைவுபடுத்தினேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். என்னையும் சேர்க்கலாமா என்று யோசித்திருப்பார் போல.

"இண்டைக்கு ஜும்மா முடிய எல்லாருக்கும் முன்னால பள்ளிவாசல் நிர்வாகத்துக்கிட்ட இதப் பாரம் குடுக்கப் போறன். குடும்ப மானத்தப் பார்த்துத்தான் இவ்வளவு நாளும் பொறுத்த," என்றார். குடும்ப மானம் ஏற்கனவே நாலு வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றிக்கொண்டிருந்தது.

இந்த நேரத்தில் அவருடைய தந்தை இருந்திருந்தால் இந்தச் சிக்கலே வந்திராது. பக்கீர் முகைதீன் ஹாஜியார்தான் ஊருக்கே சொத்துப் பங்கு பிரித்துக் கொடுத்தவர். மார்கழியில் கடல் கொந்தளித்த ஒரு நாள் அவருடைய செருப்பு மட்டும் கரையில் கிடந்தது. ஆள் கிடைக்கவில்லை. ஊர் ஒரு கிழமை கூடப் பொறுக்கவில்லை. உடல் இல்லாமலே ஜனாஸாத் தொழுகையை நடத்தி, உரைகளும் ஆற்றி, சாப்பிட்டுவிட்டுக் கலைந்தது. அவர் மனைவியும் இதே வீட்டில் இத்தா இருந்து போன கிழமைதான் முடித்திருந்தார்.

மாவடிப்பள்ளி வயல் அறுவடை முடிந்து வெறுமனே கிடந்தது. ரோட்டிலிருந்து வாய்க்கால் வரை ஒரே நீளத் துண்டு. அதைக் குறுக்கே கட்டை நட்டுப் பிரித்து, கட்டைகளில் ஆளுக்கொரு நிறத் துணி கட்டியிருந்தார்கள். தன் வேனில் பின்னால் வந்திறங்கிய நிப்றாஸ், பரிசளிப்பு விழாவில் பேசுவது போல விளக்கினார்.

"மார்க்கக் கணக்கு டீச்சர். புள்ளைகள் உள்ளவன் மௌத்தானா மனிசிக்கு எட்டில ஒண்டு. ரெண்டு பொம்புளப் புள்ளைகளுக்கும் சேர்த்து மூண்டில ரெண்டு. உம்மாவுக்கு ஆறில ஒண்டு. வயல இருபத்து நாலாப் பிரிச்சன். நதீராவுக்கு மூண்டு, பச்சத் துணி. புள்ளைகளுக்குப் பதினாறு, சிவப்பு. உம்மாவுக்கு நாலு, வெள்ள. மிச்சம் ஒண்டு ஆம்புளச் சொந்தத்துக்கு. அது நான், நீலம்."

"ஏன் இருபத்து நாலு? இருபது, முப்பது எண்டு சுகமாப் பிரிக்க ஏலாதா?" என்று கேட்டேன்.

"எட்டு, ஆறு, மூண்டு. இந்த மூண்டாலயும் மிச்சமில்லாமப் பிரிபடுற ஆகச் சின்ன எண் இருபத்து நாலு," என்றார் டீச்சர். "பொது மடங்குகளில் சிறியது. ஒன்பதாம் ஆண்டில உனக்குப் படிப்பிச்ச."

"அண்டைக்கு நான் வரல்ல டீச்சர்."

"வந்தாய். ஜன்னல் பக்கம் இருந்து நித்திர கொண்டாய்." அவர் குனிந்து ஒரு கட்டையை ஆட்டிப் பார்த்தார். "இருபத்து நாலு நல்ல மனசுள்ள எண், கோகிலன். ரெண்டு, மூண்டு, நாலு, ஆறு, எட்டு, பன்னிரண்டு, ஆர் வந்து கேட்டாலும் வெறுங்கையோட அனுப்பாது. அதுக்குக் கீழ உள்ள ஒரு எண்ணுக்கும் இவ்வளவு பங்காளிகள் இல்ல."

"அஞ்சும் ஏழும் வந்து கேட்டா?"

"தன்னத் தானே பெருக்கி, ஒண்டக் கழிச்சிட்டு வரச் சொல்லும். ரெண்டையும் மூண்டையும் விட்டா எந்த முதன்மை எண்ணும் அப்படி வந்தா இருபத்து நாலால பிரிபடும்."

மனதுக்குள் செய்து பார்த்தேன். ஐயைந்து இருபத்தைந்து, ஒன்றைக் கழித்தால் இருபத்து நாலு. ஏழேழு நாற்பத்தொன்பது, நாற்பத்தெட்டு. பதினொன்றுக்கும் சரிவந்தது. என் பள்ளிக்கூட வாழ்க்கையில் ஒரு விடை சரிவந்தது இதுவே முதல் தடவை என்பதால் கொஞ்ச நேரம் சந்தோஷமாக நின்றேன்.

"கள்ளியப் பிடிக்கச் சொன்னா கணக்குப் படிப்பிக்கிறீங்க," என்றார் நிப்றாஸ்.

டீச்சர் அளவு நாடாவின் ஒரு முனையை என்னிடம் தந்தார். அளந்துகொண்டே போனோம். நிப்றாஸ் நட்டபோது ஒரு துண்டு ஒன்பது யார், அதாவது ஒன்பது கெஜம். இப்போது எட்டு. இருபத்து நாலு துண்டாக இருந்த வயல் இப்போது இருபத்தேழு. பச்சை மூன்று, சிவப்பு பதினாறு, வெள்ளை நாலு, எல்லாம் ஒழுங்காக இருந்தன. நீலத்தை மட்டும் காணவில்லை. ரோட்டுக்கரையில் நாலு துண்டுகள் எந்தத் துணியும் இல்லாமல் மொட்டையாக நின்றன.

"பார்த்தீங்களா? என்ட ஒண்டத் தூக்கி எறிஞ்சிட்டு நாலு துண்டு ஒளிச்சு வச்சிரிக்கா! நாளைக்கு அதுக்கும் பச்சத் துணி கட்டுவா!"

டீச்சர் சிரித்தார். அந்தச் சிரிப்பை எனக்குத் தெரியும். விடைத்தாளைத் திருப்பித் தரும்போது சிரிப்பது.

"தம்பி நிப்றாஸ், இருபத்து நாலாப் பிரிச்ச நேரம் நதீராவுக்கு ஒன்பது யார்ல மூண்டு துண்டு. இருபத்தேழு யார். இருபத்தேழாப் பிரிச்ச பொறகு எட்டு யார்ல மூண்டு. இருபத்து நாலு யார். தன்ட பங்கில மூண்டு யாரக் குறைச்சுக் களவெடுத்த கள்ளிய நான் இண்டைக்குத்தான் பார்க்கிறன்."

"அது ஏமாத்து வேல. சந்தேகம் வராம இருக்க..."

"உங்கட உம்மாவுக்கும் குறைஞ்சிரிக்கி. புள்ளைகளுக்கும் குறைஞ்சிரிக்கி."

"எனக்கு முழுசாப் போயிட்டே!" என்று கத்திவிட்டு, அவர் பள்ளி நிர்வாகத்துக்குத் தொலைபேசி எடுக்க வேனுக்குப் போனார்.

"கோகிலன், ஆட்டோவ எடு," என்றார் டீச்சர்.

பிரதான வீதிக்கு ஏறியதும் கேட்டேன். "எல்லாருக்கும் நட்டம் எண்டா, ஆருக்கு டீச்சர் லாபம்?"

"துணி கட்டாத அந்த நாலுக்கு. இருபத்து நாலில நாலு எண்டா என்ன பின்னம்?"

"ஆறில ஒண்டு." சரியாகச் சொன்ன பெருமிதத்தில் ஒரு மாட்டின் மேல் ஏற்றப் பார்த்தேன்.

"உம்மாவுக்கு ஆறில ஒண்டு எண்டு நிப்றாஸ் சொன்னாரே, அதே ஆறில ஒண்டு இன்னொரு ஆளுக்கும் இரிக்கி. மௌத்தானவன்ட வாப்பாவுக்கு. அவர் ஹயாத்தோட, உசிரோட இருந்தா மட்டும்."

ஆட்டோ தானாக நின்றது. நான்தான் பிரேக்கை மிதித்திருப்பேன்.

"மூண்டு, பதினாறு, நாலு, நாலு. கூட்டு," என்றார் டீச்சர்.

"இருபத்தேழு."

"நல்ல மனசுள்ள எண்ணுக்கும் ஒரு எல்லை இரிக்கி. இருபத்து நாலுக்குள்ள இந்த நாலு பேரும் அடங்க மாட்டாங்க. அப்ப ஒரு ஆள வெட்டி விடுறதில்ல. பங்குகள இருபத்தேழாக்கி எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சம் குறைக்கிற. மனிசிட எட்டில ஒண்டு ஒன்பதில ஒண்டாகும். ஆனா மிச்சத்த நம்பியிருக்கிற ஆளுக்கு மிச்சம் இல்ல."

"நிப்றாஸுக்குச் சைபர்."

"இந்தக் குடும்பத்தில இருபத்தேழு வாறதெண்டா பக்கீர் முகைதீன் ஹாஜியார் மூச்சு விட்டுட்டு இருக்கணும். வேற வழியே இல்ல."

"அப்ப நிப்றாஸ்தான் வாப்பாவ எங்கயோ ஒளிச்சு வச்சிரிக்கார்!"

"ஒளிச்சு வச்சவன் தனக்குச் சைபர் வாற கணக்க ரோட்டுக்கரையில நட்டு வைப்பானா? நட்டது ஹாஜியாரேதான். அரை யார் பிழையில்லாம அளந்திரிக்கார். ஜும்மா நேரத்தில வயலுக்குப் போக ஏலுமான ஆக்கள் பொம்புளைகள், நீ, அதுக்குப் பொறகு செத்துப்போன மையத்துகள்தான்."

என்னை நடுவில் வைத்ததை நான் கவனித்தேன். டீச்சர் தொலைபேசியில் நதீராவை அழைத்து ஒலியைக் கூட்டினார்.

"புள்ள, மாமா மௌத்துக்கு ஊரெல்லாம் வந்திரிக்கும். வரவேண்டிய ஆள் ஆரும் வராம இருந்தாங்களா?"

நதீரா யோசித்தாள். "கதிர்காமன் அண்ணன் வரல்ல டீச்சர். திருக்கோவில்ல மீன் வியாபாரம், சொந்த வள்ளமும் இரிக்கி. மாமாட உயிர்ச் சிநேகிதன். கிழமைக்கொருக்கா மீனோட வாறவர், மாமா போன பொறகு எட்டியும் பார்க்கல்ல. ஆனா எங்கட அவர்ட மௌத்துக்கு வந்தார். முகம் பார்த்துட்டு வாசல் வரைக்கும் போனவர், திரும்பி வந்து ரெண்டாந்தரமும் பார்த்தார். ஏனெண்டு தெரியல்ல."

"சிநேகிதன் செத்ததுக்கு அழ வராதவர், அவர்ட மகன ரெண்டு தரம் பார்த்திரிக்கார்," என்றார் டீச்சர் தொலைபேசியை வைத்துவிட்டு. "தெற்கால விடு."

திருக்கோவிலுக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது முற்பகல் வெயில் ஏறியிருந்தது. கோயிலுக்கு வடக்கே, கடற்கரையோரம் கதிர்காமனின் வீடு. சாய்ந்தமருதுப் பள்ளி நிர்வாகத்தில் இருந்த ஒருவரைத் தேடி முருகன் கோயிலடிக்கு ஒருவரும் வரமாட்டார்கள் என்று கண்டுபிடித்தவர் உண்மையிலேயே கணக்கில் புலிதான்.

படலையடியில் ஒரு உயர்ந்த மனிதர் குறுக்கே நின்றார். "இஞ்ச ஒருத்தரும் இல்ல," என்றார்.

"நாங்க இன்னும் ஒண்டும் கேக்கல்லையே அண்ணன்," என்றார் டீச்சர்.

கதிர்காமன் சில விநாடி அந்தத் தர்க்கத்தோடு போராடிப் பார்த்துவிட்டு ஒதுங்கினார். உள்ளே கதிரையில் ஒரு முதியவர் தேத்தண்ணிக் கோப்பையோடு இருந்தார். சீனிப் போத்தல் திறந்திருந்தது. எங்களைக் கண்டதும் அவர் ஓடவும் இல்லை, யாரென்று கேட்கவும் இல்லை.

"கணக்கில ஏதும் பிழையா?" என்றார்.

"இல்ல ஹாஜியார். ஒரு பிழையும் இல்ல. அதாலதான் பிடிபட்டீங்க," என்றார் டீச்சர்.

பக்கீர் முகைதீன் ஹாஜியாரின் முகத்தில் ஒரு நொடி திருப்தி வந்து போனது. பிறகு கோப்பையைக் கீழே வைத்தார்.

"நாப்பது வருஷம் குடிச்ச தேத்தண்ணி, மகள். சீனி வருத்தம் எண்டு ஒரே நாளில சீனிய நிப்பாட்டிட்டா என்ட மனிசி. கோபத்தில இவன்ட வள்ளத்தில ஏறி வந்திட்டன். செருப்போட வள்ளத்தில ஏறுறதில்லையே, கழட்டி வச்சன். ஒரு கிழமை இருந்திட்டுப் போவம் எண்டுதான் நெனச்ச. அதுக்குள்ள ஊர் எனக்குத் தொழுது முடிச்சிட்டு."

"போய்ச் சொல்லியிருக்கலாமே," என்றேன்.

"எப்படிச் சொல்ற? இவன் ஃபோன்ல காட்டினான். பத்து வருஷம் என்னோட முகம் குடுத்துக் கதைக்காத பள்ளிவாசல் தலைவர், 'ஊர்ட தூண் சாஞ்சிட்டு' எண்டு மைக்கப் பிடிச்சு அழுறார். அதுக்குப் பொறகு தூண் நடந்து போய் ஸலாம் சொல்ல ஏலுமா?"

"மனிசி இத்தா இருந்து முடிச்சிட்டா. அது பரவாயில்ல. வயல்ல பங்கு பிழைச்சா மட்டும் உங்களுக்குப் பொறுக்காது," என்றார் டீச்சர். குரலில் சீனி இல்லை.

"ஜும்மாவையும் விட்டுட்டு," என்று என் பங்குக்குச் சேர்த்தேன்.

"மௌத்தானவனுக்கு ஜும்மா கடமையில்ல, தம்பி," என்றார் ஹாஜியார். சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. "அஹ்ஸன் போன செய்தி வந்த நேரம் எழும்பி ஓடப் பார்த்தன். எங்க ஓடுற? நானே இல்லாத ஆள். என்ட புள்ளைட ஜனாஸாவில கடைசி வரிசையில நிக்கவும் எனக்கு முகம் இல்லாமப் போச்சு. கதிர்காமன அனுப்பினன். உனக்காக ஒரு தரம் முகத்தப் பாரு, எனக்காக ஒரு தரம் பாரு எண்டு சொன்னன்."

கதிர்காமன் கடல் பக்கம் திரும்பி நின்றார். எனக்கும் பகிடி ஒன்றும் வரவில்லை. கொஞ்சம் முன்னால் ஜும்மாவைப் பற்றிச் சொன்னதை நினைக்க வெட்கமாக இருந்தது.

"இருபத்து நாலா நட்டிரிக்காங்க எண்டு இவன் வந்து சொன்னான்," ஹாஜியார் தொடர்ந்தார். "நான் ஹயாத்தோட இருக்கேக்க அது பிழையான பங்கு. எனக்கு அந்த நாலு துண்டு வேணாம், அதால துணியும் கட்டல்ல. என்ட மகனுக்குச் செய்யிறதுக்கு எனக்கிட்ட மிஞ்சிக் கிடந்தது கணக்கு ஒண்டுதான். அதையும் பிழையா விடச் சொல்றீங்களா?"

"நீங்க சரியாச் செஞ்ச கணக்குக்கு நதீரா கள்ளியாகப் போறா," என்றார் டீச்சர். "இண்டைக்கு, ஜும்மா முடிய, எல்லாருக்கும் முன்னால. இத்தாவில இரிக்கிறவ பள்ளிக்கு வந்து ஒரு வார்த்தை சொல்லவும் ஏலாது."

ஹாஜியாருக்கு இது புதுச் செய்தி. கதிர்காமனைப் பார்த்தார். அவர் தனக்குத் தெரியாது என்று தலையசைத்தார். ஹாஜியார் எழுந்து சாரத்தைச் சரிசெய்தார்.

"ஆட்டோவில இடம் இரிக்கா, தம்பி?"

என் ஆட்டோ அவ்வளவு வேகமாகப் போகும் என்று அன்றுவரை எனக்கே தெரியாது.

பள்ளிவாசல் முற்றத்தில் சனம் கலையாமல் நின்றது. நடுவில் நிப்றாஸ். பக்கத்தில் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு தலைவர். "எல்லை மாத்துறது எவ்வளவு பெரிய பாவம் எண்டு உங்களுக்குத் தெரியும். அந்தப் பாவத்தச் செஞ்சவ ஆரெண்டு..." என்று நிப்றாஸ் சொல்லிக்கொண்டிருக்கும்போது ஆட்டோவிலிருந்து ஹாஜியார் இறங்கினார். அவர் காலில் கதிர்காமனின் செருப்பு.

மரணச் செய்திக்குச் சொல்லும் வார்த்தைகளைத் தலைவர் உரக்கச் சொல்லிவிட்டார். உயிரோடு வந்தவருக்கு எதைச் சொல்வது என்று அந்த நேரத்தில் அவருக்கு நினைவு வரவில்லை. இரண்டு பேர் பின்வாங்கினார்கள். ஒருவர் தொலைபேசியை எடுத்தார், வாட்ஸ்அப்புக்கு.

"கட்டைய மாத்தினது நான்," என்றார் ஹாஜியார். "நான் ஹயாத்தோட இரிக்கன், அதால அது இருபத்தேழு. என்ட மருமகள்ட பேர இனி ஆரும் எடுக்கப்படாது."

எல்லோரும் நிப்றாஸைப் பார்த்தார்கள். ஜனாஸாத் தொழுகையன்று அதிகமாக அழுதவர் அவர்தான். அழுது அழுது இரண்டு தரம் மயங்கியவர்.

"வாப்பா," என்றார் நிப்றாஸ். "அப்ப என்ட ஒண்டு?"

யாரோ பின்வரிசையில் சிரித்தார்கள். அதற்குப் பிறகு நிர்வாகத்தில் பாரம் கொடுக்க ஒருவரிடமும் ஒன்றும் இருக்கவில்லை.

வீட்டில் நான் பழையபடி திரைக்கு இந்தப் பக்கம். ஹாஜியார் மாமனார், அவருக்குத் திரை இல்லை. அதனால் இதற்குப் பிறகு நடந்ததை நான் காதால் கேட்டது மட்டும்தான்.

முதலில் நதீரா அழுதாள். வெகு நேரம் அழுதாள். பிள்ளைகளின் காலடிச் சத்தம் ஓடி வந்து நின்றது.

"மகள், உன்ட பங்கு குறைஞ்சிட்டு," ஹாஜியாரின் குரல். "எட்டில ஒண்டு ஒன்பதில ஒண்டாப் போச்சு."

"எனக்குக் காணும் மாமா," என்றாள் நதீரா. "இனி எனக்காகக் கதைக்க ஆள் இரிக்கி."

பிறகு சமையலறைப் பக்கத்திலிருந்து மெதுவாக ஒரு காலடிச் சத்தம் வந்தது. நாலு மாதமும் பத்து நாளும் வெள்ளை உடுத்து, உயிரோடு இருக்கும் கணவனுக்காக இத்தா இருந்து முடித்தவருடைய காலடி. இந்த முறை என்னோடு வெளியே இருந்த டீச்சர்கூட எட்டிப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். திட்டு வரும் என்று காத்திருந்தேன், அழுகை வரும் என்று காத்திருந்தேன்.

மேசையில் தேத்தண்ணிக் கோப்பை வைக்கும் சத்தம் மட்டும் கேட்டது. சீனி கலக்கும் கரண்டிச் சத்தம் கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் ஹாஜியார் அதை எடுத்து, கடைசிச் சொட்டு வரை குடிக்கும் சத்தம் கேட்டது.